மலிவு விலை ஆடியோ ரிசீவரில் பாகங்களை மாற்றினால் ஒலி மேம்படுமா?

பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ஒலி சிக்னலைப் பெருக்கும் 4558 ஐசியை எடுத்துவிட்டு என்இ5532 போடலாமா, மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களின் அளவை இரு மடங்காக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவதைச் செய்யலாம், இரண்டாவது வேண்டாம்.

இரண்டு ஐசிகளுக்கும் கால்களின் அமைப்பு ஒன்றுதான். 5532இல் இரைச்சல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் அது இரு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் இழுக்கும். மலிவான ரிசீவர்களில் பெரும்பாலும் இந்த ஐசிக்கு ஒரு ரெசிஸ்டரும், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ஜீனர் டையோடும்தான் மின்சாரம் தருகின்றன. மாற்றும் முன்பும் பின்பும் ஐசிக்கு மின்சாரம் வரும் 4ஆம், 8ஆம் கால்களில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். முன்பைவிடத் தாழ்ந்திருந்தால் பழைய ஐசியே மேல். அந்தக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைப்பது அவசியம். இல்லையென்றால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஐசி தானாக அலைவுறத் தொடங்கி, சூடேறக்கூடும். நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் பொருத்துங்கள். திரும்ப மாற்றுவது எளிது.

ஃபில்டர் கெபாசிட்டர்கள் உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே அல்லது கூடுதல் வோல்ட்டில் புதிது போடுங்கள். அளவை இரட்டித்தால் சுவிட்சைப் போட்டவுடன் பாயும் மின்னோட்டம் மின்சாரப் பகுதியின் டையோடுகளைப் பதம்பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் இருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? ஐசியைத் தொடும் முன் வால்யூம் கன்ட்ரோலையும் ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலேயையும் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். பழைய ரிசீவர்களில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.