எல்டன் ஏரியின் உப்பு: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யாவில் வோல்கா ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எல்டன் உப்பு ஏரி பற்றிய உங்கள் பயணக் குறிப்பைப் படித்தேன். அதில் 'காஸ்பியன் கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன உப்பு' என்று ஒரு வரி வருகிறது. எங்கள் குடும்பத்துக்கு உப்பளம்தான் தொழில். பாத்தி நிறையக் கடல்நீர் விட்டுக் காயவைத்தாலும் நிற்பது ஒரு மெல்லிய படலம்தான். அங்கே நூறாண்டுக்கு மேல் வெட்டியும் தீரவில்லை என்கிறீர்கள். கணக்கு இடிக்கிறதே?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

இடிக்கத்தான் செய்யும். தவறு என்னுடையது. போதாக்குறைக்கு, காஸ்பியன் தண்ணீரில் உப்பு பெருங்கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பனியுகத்தின் கடைசியில் காஸ்பியன் பொங்கி அந்த ஸ்டெப்பிப் புல்வெளி முழுக்கப் பரவியது உண்மை. ஆனால் அது விட்டுப்போனது பெரும்பாலும் களிமண்ணும் மணலும். உப்பு அதைவிட வெகு பழையது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பெர்மியன் காலத்துக் கடல் ஒன்று அடுக்கடுக்காகப் படியவைத்தது. அதன்மேல் கிலோமீட்டர் கணக்கில் பாறை ஏறி உட்கார்ந்தது. உப்பு பாறையைவிட லேசு, அழுத்தினால் மெல்ல நகரும். பிசைந்த மாவை அமுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குமே, அப்படி மேலே பிதுங்கி வந்தது. ஏரியின் கரையில் உலாகன் என்று ஒரு மேடு இருக்கிறது. 70 மீட்டர்கூட உயரமில்லை, ஆனால் அந்தத் தட்டை நிலத்தில் அதுதான் மலை. உள்ளிருந்து உப்பு தள்ளித் தூக்கிய மேடு அது. உப்பு ஒரு பக்கம் எழும்ப, அடியில் இடம் காலியான பக்கம் அமுங்கியது. அந்தப் பள்ளம்தான் எல்டன், கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே.

மிச்ச வேலையை ஓடைகள் பார்த்துக்கொள்கின்றன. ஹாரா, ஸ்மொரோக்தா போன்ற சிற்றாறுகளும் கரையோர ஊற்றுகளும் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வெளியேற வழி கிடையாது. வெயில் 40 டிகிரியைத் தொடும். சுமார் 150 சதுர கிலோமீட்டர் ஏரி, ஆனால் கோடையில் பல இடங்களில் கணுக்கால்கூட நனையாது. பழைய செருப்போடு இறங்கினேன். மேலே உப்புப் பொருக்கு, அது உடைந்தால் கீழே மைபோலக் கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம். பழைய மரக்கம்புகள் உப்பு பூத்து முழங்கால் பருமனில் நிற்கின்றன. ஏரியின் நிறம் உங்களுக்குப் புதிதல்ல: பாத்தியில் தண்ணீர் முற்றும்போது சிவக்குமே, அதே நுண்பாசி. 'அல்தான் நோர்', தங்க ஏரி என்ற பெயர் மருவித்தான் எல்டன் ஆனது.

அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிப்பதற்கு முன் கசக்கும். மெக்னீசியம் குளோரைடு அவ்வளவு. உப்பு எடுத்தபின் நீங்கள் வெளியே விடுகிற தண்ணீர் மாதிரி. தெற்கே இருக்கும் பஸ்குன்சாக் ஏரியின் உப்பு இதைவிடச் சுத்தம். 1880களில் அங்கே ரயிலும் வந்தது. அப்புறம் எல்டனை யார் கேட்பார்கள்? 1882இல் உப்பெடுப்பு நின்றது.

அதற்கு முன், 1747இலிருந்து, உக்ரைனியச் சுமாக் வண்டிக்காரர்கள்தான் மாட்டுவண்டியில் இந்த உப்பை ஏற்றி வோல்கா கரைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்று, சராதோவ் நகருக்கு எதிர்க்கரையில், இன்று எங்கெல்ஸ் நகரம். அதன் சின்னத்தில் ஒரு காளை, முதுகில் உப்புக் கிண்ணம்.

அந்த வரியைத் திருத்திவிட்டேன்.