ஒரே போர்ட் ஒரு முறை ஓப்பன், மறுமுறை ஃபில்டர்ட்

உங்கள் சர்வரின் 8080 போர்ட்டை (நெட்வொர்க் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) என்மேப் என்ற போர்ட் ஸ்கேனர் ஒரு ஸ்கேனில் ஓப்பன், அடுத்ததில் ஃபில்டர்ட் என்று காட்டுவதாகச் சொல்கிறீர்கள். ஃபில்டர்ட் என்றால் பெரும்பாலும் பதிலே வரவில்லை என்று பொருள். சர்வீஸ் நின்றிருந்தால் ஆர்எஸ்டி (இணைப்பை மறுக்கும் பதில்) வந்து குளோஸ்டு என்றுதான் காட்டியிருக்கும். அதனால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. பாக்கெட் எங்கே காணாமல் போகிறது என்று தேடுங்கள்.

சர்வரில் டிசிபிடம்ப்பை (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) 8080க்கு ஓடவிட்டு, வெளியிலிருந்து என்மேப் அடியுங்கள். இணைப்பைக் கேட்கும் சின் பாக்கெட்டே வந்து சேரவில்லையா? வழியில், பெரும்பாலும் ஹோஸ்டிங் பக்க ஃபயர்வாலில், தடுக்கப்படுகிறது. சின் வந்தும் அதற்குப் பதிலான சின்-ஆக் கிளம்பவில்லையென்றால் கோளாறு சர்வருக்குள்ளேயே. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப், ஐபிடேபிள்ஸுக்கு (லினக்ஸின் ஃபயர்வால்) முன்பே பார்த்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஐபிடேபிள்ஸில் லிமிட் விதி (பாக்கெட் வரும் வேகத்துக்கு வரம்பு) இருக்கிறதா, சந்தேக ஐபிகளைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேன் உங்கள் ஐபியைத் தடைசெய்துவிட்டதா என்று பாருங்கள்.

ஸ்கேனுக்கு என்மேப்பின் அதிவேக அமைப்பான டி5 வேண்டவே வேண்டாம். பதில் வராத போர்ட்டை அது இரண்டு முறைக்கு மேல் மறுபடி கேட்காது. 8080ஐ மட்டும் மெதுவான டி2வில் ஐந்தாறு முறை ஓட்டுங்கள். எல்லாம் ஓப்பன் என்று வந்தால், பெரும்பாலும் வேகக் கட்டுப்பாடுதான் காரணமாக இருக்கும்.