கிளீவ்லேண்டில் மகளின் பாட்டு நின்றுபோகுமா என்று கேட்ட தம்பிக்கு

தேவிபட்டினத்திலிருந்து வேலைக்காகக் குடும்பத்தோடு அமெரிக்காவின் கிளீவ்லேண்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஊரில் பாட்டு கற்றுவந்த மகளுக்கு இங்கே அது நின்றுபோகுமா, கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவாக இங்கு நடக்கும் உற்சவம் பெரிய இடத்து ஆட்களுடையதாமே, நம்மைப் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொண்டிக்காரன். இங்கே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பாட்டு நிற்காது தம்பி, பயப்பட வேண்டாம். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த உற்சவம் தொடங்கியதிலேயே நம் ராமநாதபுரத்துக்குப் பங்கு உண்டு.

ராம்நாட் (ராமநாதபுரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்) ராகவன் என்று ஒரு மிருதங்க வித்வான். பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. கிருஷ்ணன் 1960களின் பிற்பகுதியில் கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தார். பிறகு ராகவனும் அங்கே மிருதங்கம் கற்பிக்க வந்தார். அவர் கிளீவ்லேண்ட் குழந்தைகளுக்கும் பாடம் எடுத்தார். அவரோடு வி.வி. சுந்தரம், எல்லோரும் கிளீவ்லேண்ட் பாலு என்று அழைக்கும் பாலசுப்ரமணியம் எல்லாம் சேர்ந்து 1978இல் முதல் ஆராதனையை, அதாவது இந்த உற்சவத்தை, நடத்தினார்கள். நடந்த இடம் ஒரு தேவாலயத்தின் அடித்தளம். அன்று கூடியவை சில குடும்பங்கள்தான். பிறகு கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக அரங்குக்குப் போய், பத்து நாளைத் தாண்டி நடக்கிற விழாவாக வளர்ந்தது. தியாகராஜரின் சமாதி இருக்கும் திருவையாற்றில் தை மாதம் நடப்பது இங்கே ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் அப்போதுதான் வெளியூரிலிருந்து வர முடியும்.

பெரிய இடத்து ஆட்கள் என்றீர்களே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். ராம்நாட் கிருஷ்ணனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த சி.எஸ். சங்கரசிவம் யார்? ராமநாதபுரத்து மிருதங்க வித்வான் சித்சபை சேர்வையின் மகன். மிருதங்க மேதை முருகபூபதியின் அண்ணன். மதுரை டி.என். சேஷகோபாலனுக்கும் அவர்தான் குரு. இன்னும் பின்னால் போனால், ராமநாதபுரத்து மன்னர்களான சேதுபதிகளின் அரண்மனை வித்வானாக இருந்தவர் பூச்சி சீனிவாச ஐயங்கார். அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், ஒரு பெரிய ராகம், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா என்னும் சிறு பாட்டுகள் என்று இன்று எல்லா மேடையிலும் நடக்கிற கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். கிளீவ்லேண்டில் நீங்கள் கேட்கப்போகும் கச்சேரிகளும் அந்த முறையில்தான் இருக்கும். அரங்கின் வாசலில் தயங்கி நிற்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? வீட்டிலேயே வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இங்கே உண்டு. ஊர் ஆசிரியரை விட மனமில்லை என்றால் இணையவழியில் தொடரலாம், ஆனால் இந்தியாவில் காலை என்றால் இங்கே ராத்திரி, அதைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். உற்சவத்தில் வயதுவாரியாகப் போட்டிகள் நடக்கும். முதல் வருடமே அதில் மகளை இறக்கிவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பரிசு கிடைக்காத ஏமாற்றத்தில் பாட்டையே விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கற்றுக்கொண்டு வரட்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்தவை. எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவளும் உட்கார்ந்து பாடலாம். வராளி கடினம், அதற்கு அவசரம் வேண்டாம்.

நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் தொண்டர்களாகப் பெயர் கொடுங்கள். பந்தி பரிமாற, வித்வான்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர, நாற்காலி போட என்று எப்போதும் ஆள் தேவைப்படும். புது ஊரில் மனிதர்கள் பழக்கமாவது அப்படித்தான். நான் இங்கே சம்பாதித்த நட்பில் பாதி அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் கிடைத்தது.

ஏப்ரலில்கூட ஏரிப் பக்கமிருந்து பனி விழும், குளிர் கோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். மகளை நாட்டை ராகக் கீர்த்தனையிலிருந்து இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.