ஆசாரியிடம் கேளுங்கள்: பவுன், மாற்று, பழைய பொன்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் நகைப் பட்டறை. விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். தெரிந்தால் நான் ஏன் இன்னும் ஊதுகுழல் பிடிக்கிறேன்?

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, பவுன் ஏன் 8 கிராம்?
வெள்ளைக்காரன் காசு, தம்பி. பிரிட்டிஷ் சாவரின் எடை 7.98 கிராம், முழுசாக 8 என்று வைத்துக்கொண்டோம். ‘பவுண்டு’தான் நம் வாயில் பவுன்.

மேலூரிலிருந்து: உரசியே பொன்னின் மாற்று, அதாவது சுத்தம், தெரியுமா?
தெரியும். கறுப்பு உரைகல்லில் நகையை ஒரு இழுப்பு. பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு இழுப்பு. ஆணிப்பொன் என்கிறோமே, அந்த ஆணிதான். இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிட வேண்டும். அப்புறம் ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட். செம்பு பச்சையாகக் கரைந்து ஓடும், தங்கம் அசையாது. ஆனால் மேல்பூச்சு கனமாக இருந்தால் கல்லும் ஏமாறும். அதனால் முதலில் அரத்தால் லேசாகத் தேய்த்து, உள்ளே இருப்பதைத்தான் உரசுவேன்.

செல்லூரிலிருந்து: சிலப்பதிகாரத்தில் நம்மூர்ப் பொன் கடை வருகிறதாமே?
ஊர்காண் காதையில். சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகைப் பொன். எது எங்கே கிடைக்கும் என்று கொடி கட்டியிருப்பார்களாம். அன்றைய ஹால்மார்க் என்பேன். அதே கதையின் பொற்கொல்லனைச் சொல்லி எங்களை இன்றும் கிண்டல் செய்கிறார்கள், அது தனி வருத்தம்.

சிவகங்கையிலிருந்து: ரோமாபுரித் தங்கம் இங்கே வந்தது உண்மையா?
புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898ல் 501 தங்கக் காசுகள் ஒரே பானையில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு! ‘இது இனி காசு இல்லை, வெறும் தங்கம்’ என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது என் எண்ணம்.

உசிலம்பட்டியிலிருந்து: 14 காரட் காலம் என்கிறார்களே?
சீனப் போரை ஒட்டி, 1963 ஜனவரியில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை வந்தது. எத்தனையோ பட்டறைகளில் உலை அணைந்தது. தாத்தா கொஞ்ச நாள் சைக்கிள் கடையில் நின்றார்.

அலங்காநல்லூரிலிருந்து: அம்மாவின் பழைய சங்கிலியில் 916 முத்திரை இல்லை. விற்கலாமா?
தாராளமாக. 2023 ஏப்ரலில் கட்டாயமான ஆறு எழுத்து ஹால்மார்க் எண் கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். பற்றவைத்த இடங்களில் பொடி (ஒட்டுவதற்கான கலப்பு உலோகம்) இருக்கும், உருக்கினால் மாற்று கொஞ்சம் குறையும். கண்முன்னே உருக்கச் சொல்லுங்கள் அக்கா. கல் இருந்தால் முதலில் கழற்றி வாங்கிவிடுங்கள்.