ஆளை அனுப்பிய பிறகும் அவர் பெயரில் 4 கோடி டாலரா?

கேள்வி: மகன் வீட்டோடு அட்லாண்டாவுக்கு வந்ததிலிருந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பழகிவிட்டேன். 2022 மார்ச்சில் எங்கள் ஃபால்கன்ஸ் அணி, குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மாட் ரயனை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தது டிராஃப்டில், அதாவது புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு மட்டுமே. அதற்கு மேல், அவர் பெயரில் 4 கோடியே 5 லட்சம் டாலரை அந்த ஆண்டுச் சம்பள வரம்பில் ஃபால்கன்ஸ் சுமந்தது. ஆளையும் கொடுத்துவிட்டு அபராதமும் கட்டுவதா?

பதில்: அது அபராதமே அல்ல. 2022இல் ஃபால்கன்ஸ் யாருக்கும் புதிதாக எடுத்துக் கொடுத்த பணமும் அல்ல. முந்தைய ஆண்டுகளிலேயே ரயன் கைக்குப் போய்விட்ட பணம். கணக்கில் மட்டும் எழுதாமல் விட்டு வைத்திருந்தார்கள்.

இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., ஓர் அணி ஓராண்டில் வீரர்களுக்காகக் கணக்கில் எழுதக்கூடிய தொகைக்கு 1994இல் சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தது. 2022இல் ஓர் அணிக்கு அந்த வரம்பு 20 கோடியே 82 லட்சம் டாலர். ஒப்பந்தம் போடும்போது வீரருக்குத் தரும் சைனிங் போனஸை மட்டும் மொத்தமாக ஒரே ஆண்டில் எழுத வேண்டியதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீட்ட முடியாது. 5 கோடி போனஸ், ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 1 கோடி. இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் வீரரை வேறு அணிக்குக் கொடுத்தால், எழுதாமல் மிஞ்சிய 3 கோடியும் பழைய அணியின் கணக்கில் உடனே வந்து விழும். இதைத்தான் ‘டெட் மணி’ என்கிறார்கள். புதிய அணி இனி வரவேண்டிய சம்பளத்தை மட்டுமே ஏற்கிறது. போனஸ் பாக்கி அதனோடு போவதில்லை.

இப்போது ரயன் கணக்கைப் பாருங்கள். அவரை வைத்துக்கொண்டிருந்தால் 2022 வரம்பில் அவருக்கு ஏறத்தாழ 4 கோடியே 87 லட்சம் போயிருக்கும். கொடுத்ததால் 4 கோடியே 5 லட்சம். ஆக, அந்த ஆண்டே சுமார் 80 லட்சம் மிச்சம்; அவருக்குத் தரவேண்டியிருந்த 2 கோடிக்கும் அதிகமான சம்பளம் கோல்ட்ஸ் தலையில். 2023 கணக்கில் ரயன் பெயரில் ஒரு டாலர்கூட இல்லை. அந்த மார்ச்சில்தான் ஃபால்கன்ஸ், ஜெஸி பேட்ஸ் என்ற அருமையான சேஃப்டியை (பின்வரிசைத் தடுப்பு வீரர்) நான்கு ஆண்டுக்கு 6 கோடியே 40 லட்சம் டாலருக்கு எடுத்தது. ரயன் கணக்கு தீராமல் அது எளிதாக நடந்திருக்காது.

உங்கள் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது விழவேண்டிய இடம் 2022 அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ரயனின் சம்பளத்தைப் போனஸாக மாற்றி மாற்றி எழுதினார்கள். அப்படி மாற்றும்போது அந்த ஆண்டுக்கு இடம் கிடைக்கிறது; பாக்கி பின்னால் தள்ளிப்போகிறது. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற வேலை இது. கோப்பைக்கு ஓரடி தூரத்தில் நிற்கும் அணி ஒருமுறை செய்தால் நான் ஒப்புக்கொள்வேன். தோற்றுக்கொண்டிருக்கும் அணி வருடா வருடம் செய்தால் அதற்குச் சமாதானமே கிடையாது.

கேள்வி: வீரரை ஜூன் 1க்குப் பிறகு வேறு அணிக்குக் கொடுத்தால் டெட் மணிச் சுமை இரண்டு ஆண்டுகளாகப் பிரியுமாமே? பிறகு ஏன் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்?

பதில்: பிரியும். அந்த ஆண்டின் பங்கு மட்டும் அந்த ஆண்டில்; மற்றதெல்லாம் அடுத்த ஆண்டில். ஆனால் டிராஃப்ட் ஏப்ரலில் முடிந்துவிடுகிறது. ஜூன் வரை காத்திருப்பவருக்கு அந்த ஆண்டுத் தேர்வுகள் கிடைக்காது. கிரீன் பே பேக்கர்ஸ் 2023 ஏப்ரலில், டிராஃப்டுக்குச் சற்று முன்பு, தன் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்து 4 கோடி டாலருக்கு மேல் டெட் மணியை ஒரே ஆண்டில் விழுங்கியது. அதே பருவத்தில் அவர் இடத்தில் ஜோர்டன் லவ்வை வைத்துக்கொண்டு பிளேஆஃபுக்கும் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) போனது. துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

கேள்வி: வாங்க ஆள் இல்லையென்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்து விடுவித்துவிடலாம் அல்லவா?

பதில்: செய்யலாம், ஆனால் அதற்கு விலை அதிகம். வேறு அணிக்கு மாற்றும்போது, ஆடினாலும் ஆடாவிட்டாலும் தந்தே ஆகவேண்டிய உத்தரவாதச் சம்பளமும் வீரரோடு போய்விடுகிறது. விடுவித்தால் அது பழைய அணியிடமே தங்கிவிடும். ஒரே மனிதரை வைத்து இதைப் பார்க்கலாம். குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை 2022இல் டென்வர் பிராங்கோஸுக்குக் கொடுத்த சியாட்டில் அணிக்கு விழுந்த டெட் மணி 2 கோடியே 60 லட்சம். அவரை 2024 மார்ச்சில் விடுவித்த டென்வருக்கு விழுந்தது 8 கோடியே 50 லட்சம், அதுவும் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்து. அதில் 3 கோடியே 90 லட்சம் அந்த ஆண்டுக்கான உத்தரவாதச் சம்பளம். அவரை எடுத்த பிட்ஸ்பர்க் அணி கொடுத்த குறைந்தபட்ச ஊதியமான 12 லட்சம் மட்டுமே அதில் கழிந்தது.

இருந்தும் டென்வர் அந்தப் பருவத்தில் 10 ஆட்டங்களில் வென்று பிளேஆஃபுக்குப் போனது. காரணம், புதுமுக குவார்ட்டர்பேக் போ நிக்ஸ். அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 86 லட்சம்தான்.