சில்லறைப் பையில் வெள்ளி உண்டா? - வாசகர் கேள்வி பதில்

பழைய நாணயங்களைப் பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் வங்கியில் காகிதம் சுற்றிய காசுகளை உருளை உருளையாக வாங்கிப் பிரித்து, அதிலிருந்து வெள்ளிக் காசு பொறுக்குகிறார். இங்கே பாலக்காட்டு வங்கிகளில் சில்லறை வாங்கித் தேடினால் கிடைக்குமா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கிடைக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

அமெரிக்காவில் 1964 வரை அடித்த பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட், அரை டாலர் காசுகள் 90 சதவீத வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, ஐந்து சென்ட் காசில்கூட 35 சதவீத வெள்ளி சேர்த்தார்கள். இவை எதையும் அரசு செல்லாது என்று அறிவிக்கவில்லை. அதனால் யாரோ ஒருவர் தாத்தாவின் உண்டியலை உடைத்து வங்கியில் கொட்டினால், அது அப்படியே அடுத்தவர் வாங்கும் உருளைக்குள் போய்விடுகிறது. அரை டாலர் உருளையில் 20 காசு இருக்கும், மதிப்பு 10 டாலர். அண்ணன் காசுகளை வரிசையாகப் படுக்க வைத்து விளிம்பைத்தான் பார்ப்பார். செம்பை நடுவில் வைத்து மேலே வேறு உலோகம் போர்த்திய காசில் பழுப்புக் கோடு தெரியும். 90 சதவீத வெள்ளியின் விளிம்பு ஒரே வெள்ளையாக இருக்கும்.

நம் நாட்டில் நடந்தது வேறு. உயர்தர வெள்ளி ரூபாய்களை 1940களின் தொடக்கத்திலேயே அரசு திரும்பப் பெற்றது. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1946இல் ரூபாய் முழு நிக்கலாயிற்று. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது அன்றாடக் காசில் வெள்ளியே இல்லை. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. ஆகவே இன்று வங்கி தரும் பையில் இருப்பது எவர்சில்வர், நிக்கல் பித்தளை, கொஞ்சம் செம்பு-நிக்கல், அவ்வளவே.

வெள்ளியை வீட்டில் தேடுங்கள். உங்கள் பக்கத்தில் விஷுக்கணித் தட்டில் வைக்கும் ரூபாய், சாமி மாடத்துச் செப்புக் குடம், பாட்டியின் காசுமாலை, அடகுக்குப் போய்த் திரும்பிய பெட்டியின் அடித்தட்டு, இங்கெல்லாம்தான் அது தங்கியிருக்கும். 1969இல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய்க் காசும் இப்படிப்பட்ட இடங்களில் கிடக்கும். 15 கிராம் எடை, 80 சதவீத வெள்ளி. பத்து ரூபாய் என்று எழுதியிருப்பதால் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணனுக்குப் பழைய ரூபாயைப் பார்சலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

கேள்வி: ராஜா தலை போட்ட காசுகள் முப்பது இருக்கின்றன. எல்லாம் வெள்ளி என்கிறார் மாமனார். பக்கத்து நகைக்கடைக்காரர் உரைத்துப் பார்க்கக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: உரைகல்லுக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு கீறல் விழுந்தால் சேகரிப்பவர் தரும் விலை போய் வெறும் உலோக விலைதான் மிஞ்சும். ஒரு காந்தம், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

முதலில் காந்தம். வெள்ளி ஒட்டாது, முழு நிக்கல் ஒட்டும். 1946, 1947 ஆண்டு போட்ட, பின்பக்கம் புலி நடக்கும் ரூபாயைப் பலர் வெள்ளி என்று பொத்தி வைத்திருக்கிறார்கள். காந்தத்தைக் காட்டியதும் தாவி ஒட்டும், ஏனென்றால் அது நிக்கல். ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் எண்ணிவிடக் கூடாது. செம்பு-நிக்கலும் ஒட்டாது. 1919 முதல் 1921 வரை வந்த நாலணா, 1919-20இல் வந்த எட்டணா, 1918 முதல் வந்த சதுர இரண்டணா, இவற்றில் ஐந்தாம் ஜார்ஜ் கிரீடத்தோடுதான் இருப்பார், வெள்ளி மட்டும் இருக்காது. மாமனாரின் கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து எடை. வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46 கிராம். தேய்ந்த ரூபாய் 11.4 வரை இறங்கலாம். புதுப் பொலிவோடு இருந்தும் 10 கிராம்தான் காட்டினால் அது வார்ப்புப் போலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆண்டைப் பாருங்கள். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும், ஆறாம் ஜார்ஜின் 1938, 1939 ரூபாய்களும் 91.7 சதவீதம். ஒரு ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை உள்ளவற்றில் 5.83 கிராம்தான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். தேய்ந்த மேடுகளில் மஞ்சள் சாயல் அடிப்பது இந்தப் பாதி வெள்ளியின் அடையாளம். விற்கும்போது இரண்டையும் ஒரே குவியலாகப் போட்டால் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் குறைந்த டச் (தர அளவு) போடுவார். பிரித்தே கொண்டுபோங்கள்.

சந்தேகம் தீராத காசுக்குத் தண்ணீர்ச் சோதனை. தராசின் மேல் பாதி நீர் நிறைந்த டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய தையல் நூலில் காசைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். உயர்தர வெள்ளி ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும், வகுத்தால் 10.3 வரும். பாதி வெள்ளிக்கு 1.22 காட்டும், விடை 9.5. ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) போலி அதே எடையில் இருந்தால் 1.34 காட்டும், விடை 8.7க்கு அருகில் நிற்கும். தப்பு நேர்வது மூன்று விதமாக. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறையும், அதனால் முதலில் நீரில் அலசி எடுங்கள். தடித்த நூலும் விடையைக் குறைக்கும். காசு டம்ளரின் அடியைத் தொட்டால் எண் திடீரென்று எகிறும். இரண்டணா போன்ற சின்னக் காசில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், 0.01 கிராம் பிசகே விடையைப் புரட்டிவிடும். ஒரே வகைக் காசுகள் நான்கைந்தைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள்.

உருக்க விற்கும் முன் 1911 ஆண்டு ரூபாய் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அதில் ராஜாவின் மேலங்கியில் செதுக்கிய யானை பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, மறு ஆண்டே அச்சை மாற்றினார்கள். சேகரிப்பவர்கள் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்று தேடி வாங்குகிறார்கள்.

கேள்வி: வெள்ளி இல்லை என்று தெரியும். ஆனாலும் வங்கிச் சில்லறையில் பழைய வகைகளைத் தேடிச் சேர்க்க ஆசை. எப்படிக் கேட்பது, எப்படிப் பிரிப்பது?
- கல்லூரி மாணவர், மீனாட்சிபுரம்

பதில்: நல்ல ஆசை. கவுன்டரில் "சில்லறை வேண்டும்" என்று மட்டும் கேட்டால், ரிசர்வ் வங்கியிலிருந்து வந்த புத்தம் புதுக் காசைத் தருவார்கள். அதில் தேட ஒன்றுமில்லை. "வாடிக்கையாளர் கட்டிய பழைய சில்லறை இருந்தால் கொடுங்கள்" என்று கேளுங்கள். மாத முதல் வாரக் கூட்டத்தில் போகாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் கேஷியருக்கும் பொறுமை இருக்கும். நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டியிருப்பது வழக்கம். கோவில் உண்டியல் பணம் கட்டும் கிளை என்றால் இன்னும் நல்லது. சபரிமலை சீசன் முடிந்த பிறகு பல மாநிலக் காசும் கலந்து வரும். கேரளத்தில் வளைகுடாக் காசும் தட்டுப்படும். கூஜா போன்ற காபிக் குடம் போட்டிருந்தால் அது அமீரகத்து ஒரு திர்ஹாம்.

ஐந்து ரூபாய்ப் பையிலிருந்து தொடங்குங்கள். 1992 முதல் வந்த தடித்த செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம். 2009க்குப் பிறகு வந்த மஞ்சள் காசு 6 கிராம், 23 மில்லிமீட்டர். 2019 வரிசையில் வந்த பெரிய மஞ்சள் காசு 6.74 கிராம், 25 மில்லிமீட்டர். பையைப் பிரிக்காமலே எடை போடுங்கள். நூறும் சின்ன மஞ்சள் என்றால் 600 கிராம், நூறும் பெரிய மஞ்சள் என்றால் 674. 674ஐத் தாண்டினால் உள்ளே தடித்த காசு இருந்தே தீரும். 700 கிராம் காட்டினால் குறைந்தது 12, அதிகம் போனால் 33 இருக்கும். 640 காட்டும் பையைத் தடித்த காசுப் பை என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. அந்தக் கூடுதல் எடை பெரிய மஞ்சள் காசாலும் வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள். காந்தத்தால் முதலில் எவர்சில்வர் காசுகளை ஒதுக்குங்கள். சமையலறை எவர்சில்வர் பலவற்றில் காந்தம் ஒட்டாது, காசுக்கு எடுத்த வகையில் ஒட்டும். கனமான பழைய ஒரு ரூபாயும் எட்டணாவும் (ஐம்பது பைசா) காந்தத்தில் ஒட்டினால் 1970களின் தொடக்கம் வரை அடித்த முழு நிக்கலாக இருக்கலாம், ஆண்டைப் பாருங்கள். எட்டணா இன்னும் செல்லும் காசுதான்.

மிச்சத்தில், காசை எந்த ஊரில் அடித்தார்கள் என்று காட்டும், ஆண்டின் கீழே உள்ள குறியைக் கவனியுங்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985 ஒரு ரூபாயில் எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது. கைலென்ஸ் பத்து மடங்கு போதும், அதற்கு மேல் கண்தான் வலிக்கும்.

தேடி முடித்த காசை நூறு நூறாகக் கட்டி வங்கியில் திருப்பிக் கட்டலாம். ஆனால் சில்லறைக்குத் திண்டாடும் டீக்கடைக்கும் மளிகைக்கும் கொடுங்கள், இரு தரப்புக்கும் உபகாரம்.

ஒரு எச்சரிக்கை. செம்பு-நிக்கல் காசின் உலோக விலை முகமதிப்பைத் தாண்டும் என்று மூட்டை கட்டாதீர்கள். செல்லும் காசை உருக்குவதும் அழிப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கூடுதல் விலைக்கு விற்கவோ உருக்கவோ தேவைக்கு மிக அதிகமாகப் பதுக்குவதும் அதே சட்டத்தில் வருகிறது. ஆல்பத்துக்கு வகைக்கு ஒன்றிரண்டு எடுங்கள், போதும்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த செப்பில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சங்கு பதித்த காசுகள் இருக்கின்றன. பொத்தானா, காசா?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: உங்கள் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அவை அந்தச் சமஸ்தானத்து வெள்ளிச் சக்கரங்களாக இருக்க வேண்டும். ஒன்று அரை கிராமுக்கும் குறைவு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். விரலில் நிற்காத காசு என்பதால், குழி குழியாகத் தோண்டிய ‘சக்கரப் பலகை’யில் அள்ளிப்போட்டு வழித்துத்தான் எண்ணுவார்கள். அப்படியொரு பலகை பரணில் கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள், காசைப் போலவே அதற்கும் மதிப்பு உண்டு. பெரிய காசில் 1116 என்பதுபோல் எண் இருந்தால் அது கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு, அதாவது 1940-41.

இதே செப்பு வீட்டில் வைத்திருந்ததாக இல்லாமல், கடைக்கால் தோண்டும்போது மண்ணில் கிடைத்திருந்தால் நடைமுறை வேறு. புதையலைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டுச் சட்டம், எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டம்.

கேள்வி: வைஷ்ணவி தேவி படம் போட்ட பத்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருவதாகப் போனில் சொல்கிறார்கள். முதலில் வரிக்கு 8,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், நகரி

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அது 2012 என்று ஆண்டு போட்டுப் புழக்கத்துக்கு வந்த சாதாரண நினைவுக் காசு. பழைய காசு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வாங்குபவர் பணம் தருவார், கேட்க மாட்டார். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: தாமரை போட்ட இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறதாமே? கறுத்துப்போன வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
- இரு வாசகர்கள், களியக்காவிளை

பதில்: தங்கம் துளியும் இல்லை. செம்பை முதன்மையாகக் கொண்ட கலவை அந்த மஞ்சளைத் தருகிறது. லட்சுமி பூஜைக்கு 108 காசு சேர்ப்பவர்கள் தேடுவதால்தான் அதற்கு விலை.

புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். அவை கறுப்போடு காசின் மேல்தோலையும் உரித்துவிடும். மஞ்சள், குங்குமம் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, துடைக்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். உங்கள் ஊர் மழைக்கு அந்தப் பொட்டலத்தை ஆனியிலும் ஐப்பசியிலும் மாற்ற வேண்டியிருக்கும்.