ஆடிக்கொண்டே கோச்சாக இருந்தவர்: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். என் அறையிலும் பக்கத்து அறையிலும் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான். லீவு நாள் என்றால் கூடைப்பந்தும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். அதில் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், முதுகில் 7 என்று போட்ட ஒரு சாயம்போன ஜெர்சியை விடவே மாட்டார். கேட்டால் ‘ஜவோர்ஸ்கி’ என்கிறார். ஐம்பது வயது வரை ஆடினாராம், அதே அணிக்கு அவரே கோச்சாம், அப்புறம் செனட்டராம். நம்புகிற மாதிரி இருக்கிறதா? ஆடுகிறவரே கோச் என்றால் அவரை யார் வெளியே உட்காரவைப்பது? நல்ல ஆட்டக்காரன் நல்ல கோச் ஆவதில்லை, கடைசியில் மேனேஜர் என்று ஒரு நாற்காலி போட்டு ஓரங்கட்டிவிடுவார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் கூடைப்பந்து பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

நம்பலாம். உங்கள் அறைக்காரர் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். ராபர்ட் ஜவோர்ஸ்கி பிறந்தது 1946ல், பிலிப்பைன்ஸின் பாகியோ ஊரில். அப்பா போலந்து வழிவந்த அமெரிக்கர், அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. கடைசியாகக் களத்தில் இறங்கியது 1997ல். கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காட்சி ஆட்டமோ பிரிவுபசார ஆட்டமோ இல்லை, தன் பையன் வயதுள்ளவர்கள் இடிக்கிற தொழில்முறை லீக் ஆட்டம். அடுத்த வருடம் 1998ல் செனட் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

ஆளை ஏதோ ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். 1971ல் ஒரு ஆட்டத்தின் நடுவே நடுவர்களை அடித்ததற்காக அவருக்கும் சக ஆட்டக்காரர் பிக் பாய் ரெய்னோஸோவுக்கும் ஆயுள் தடையே விதித்தார்கள். இரண்டு வருடத்தில் ஆசியக் கோப்பை மணிலாவில் நடக்கவிருந்தபோது தடை காணாமல் போனது, 1973ல் கோப்பையை ஜெயித்த பிலிப்பைன்ஸ் அணியில் அவரும் இருந்தார். 1975ல் பிபிஏ என்ற பிலிப்பைன்ஸ் தொழில்முறை லீக் தொடங்கியதும் டொயோட்டா அணி. டொயோட்டாவும் கிறிஸ்பாவும் மோதிய அந்தக் காலத்தைப் பற்றி அறைக்காரரிடம் கேட்டால் ஒரு ராத்திரி போதாது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் அடித்துக்கொண்டு ராணுவ முகாமில் அடைபட்ட கதையெல்லாம் உண்டு.

அங்கே அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர், பெரும்பாலும் சரக்கின் பெயர். காபி, சிமெண்ட், பீர், ஜின். டொயோட்டா கடையைச் சாத்தியபோது ஆட்டக்காரர்களைச் சேர்த்து வேறு கம்பெனிக்கு விற்றார்கள். ஜவோர்ஸ்கி போகமாட்டேன் என்று நின்று, ஜின் கம்பெனி அணிக்கு வந்தார். அதுதான் ஹினெப்ரா. 1985ல் அங்கே ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஒரே ஆளாக ஆனார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். யார் வெளியே உட்காரவைப்பது? அவரேதான். கடைசிப் பத்து வருடம் பெரும்பாலும் தன்னைத்தானே உட்காரவைத்துக்கொண்டார். அவருடைய கோச்சிங்கில் பாதி அதுதான் என்பேன். அணி பதினைந்து புள்ளி பின்தங்கும், கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பிக்கும், அவர் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டிருப்பார், கத்தல் கூடும், அப்புறம் மெதுவாக மேல்சட்டையைக் கழற்றுவார். அந்த நேரத்தில் எதிரணி கோச் எந்த வியூகத்தை எழுதிக்காட்டினாலும் அவன் பையன்களுக்குக் காதில் ஏறாது.

இது எங்கே தொடங்கியது என்றால் 1985 அக்டோபர் 22. எதிரே நார்தர்ன் சிமெண்ட் அணி. ஜெஃப் மூர் என்ற ஆறரை அடிக்காரனின் முழங்கை ஜவோர்ஸ்கியின் வாயில் பட்டு உதடு கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒன்பது தையல். 39 வயது ஆள், வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். போகவில்லை. அதே ராத்திரி, ஆட்டம் முடிவதற்குள், உதட்டில் கட்டோடு அரங்குக்குத் திரும்பி வந்தார். ஹினெப்ரா பதினைந்து புள்ளி பின்னால். அவர் உள்ளே வந்ததும் அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம், சிமெண்ட் அணி தடுமாற ஆரம்பித்தது, ஹினெப்ரா ஜெயித்தது. ‘சாகும்வரை விடாதே’ என்று அந்த அணிக்கு ஒரு மந்திரம் உண்டு, அது அந்த ராத்திரியிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள்.

கோச்சாக நான்கு கோப்பை: 1986, 1988, 1991, 1997. சரக்கு மாறும்போதெல்லாம் அணியின் பெயரும் மாறியதால் நான்கு கோப்பைக்கு மூன்று பெயர். 1991ல் ஏழு ஆட்ட இறுதிப் போட்டியில் ஷெல் அணியிடம் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்து தொடர்ந்து மூன்று ஆட்டம் எடுத்தார்கள், ஏழாவது ஆட்டம் ரூடி டிஸ்ட்ரிட்டோவின் கடைசி நொடி எறிதலில் முடிந்தது. அதற்கு முந்தைய வருடம் இதே ஷெல்லோடு இறுதிப் போட்டி, நடுவர்கள் சரியில்லை என்று அணியையே கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார் மனுஷன். கோப்பை ஷெல்லுக்குப் போனது, கம்பெனிக்குப் பெரிய அபராதம். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான்.

வியூகம் என்று பார்த்தால் அவர் சுமார்தான், இதை அறைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். தடுப்பாட்டம் ஓட்டைக்கூடை. பிபிஏவில் ஒரு உள்நாட்டு ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் அதிகம் அடித்தது 79, 1991 நவம்பரில். வெளிநாட்டு ஆட்டக்காரர் அதிகம் அடித்தது 105, டோனி ஹாரிஸ், 1992ல். இரண்டுமே யாருக்கு எதிராக? ஜவோர்ஸ்கியின் ஹினெப்ராவுக்கு எதிராக.

அந்த 79ஐ அடித்தவர் ஆலன் கைடிக். உங்கள் மேனேஜர் நாற்காலிக்கு வருவதற்கு இவர் வழியாகத்தான் போகவேண்டும். ஜவோர்ஸ்கி படித்த அதே யுஇ (யுனிவர்சிட்டி ஆஃப் த ஈஸ்ட்) கல்லூரியில் பதினேழு வயது இளையவராக வந்தவர், இடது கைக்காரர், குணத்தில் நேர் எதிர். சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் 1987ன் முதல் ஆள், 1990ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். அதே 1990ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்கு முதல்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் போனபோது ஜவோர்ஸ்கி கோச், கைடிக் அவருடைய துப்பாக்கி. இறுதிப் போட்டியில் சீனாவிடம் தோற்று வெள்ளி. அடுத்த வருடம் அதே துப்பாக்கி இவர் பக்கமே திரும்பியது. அன்றைக்குக் கைடிக் போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் மட்டும் 17, அதாவது 79ல் 51 புள்ளி வளைவுக்கு வெளியிலிருந்து. ஹினெப்ரா 149 புள்ளி எடுத்தும் தோற்றது, எதிரே கைடிக்கின் அணி பிரெஸ்டோ 162. கோச்சாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கைடிக் அப்புறம் சான் மிகேல் அணிக்குப் போய், கடைசியில் 1999ல் வந்து சேர்ந்தது எங்கே? ஹினெப்ராவுக்கே. ஆட்டத்தை விட்ட பிறகு அந்த அணிக்கே கோச். கோப்பை வரவில்லை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய எறிதல் கையில் இருந்தது, அதை வாயால் இன்னொருவனுக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. ‘முழங்கையை உள்ளே வை’ என்று சொல்லலாம், எல்லா கோச்சும் அதைத்தான் சொல்கிறான். ஜவோர்ஸ்கியிடம் இருந்தது வேறு சரக்கு, பிடிவாதம், அது பக்கத்தில் நின்றாலே தொற்றிக்கொள்ளும். அதனால்தான் அவருக்கு ஆட்டமும் கோச்சிங்கும் ஒரே வேலையாக இருந்தது, கைடிக்குக்கு இரண்டு வேலை. 2004ல் சியோட் டாங்கிங்சென் என்ற இளைஞர் கோச்சாக இருந்தபோது ஹினெப்ரா மறுபடி ஜெயித்தது. கைடிக் மேனேஜர் பக்கம் போனார்.

அதை ஓரங்கட்டுவது என்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த லீக்கில் மேனேஜர் என்றால் ஒப்பந்தம், சம்பள வரம்பு, யாரை மாற்றி யாரை வாங்குவது, ஆட வருகிற அமெரிக்கனுக்கு வீடு, முழங்கால் போனவனை எப்போது இறக்குவது, கம்பெனிக்காரன் கோபத்துக்கும் கோச்சின் கோபத்துக்கும் நடுவில் நிற்பது. கத்தத் தெரியாத ஆளுக்கு இது பொருத்தமான வேலை. முன்பு தன்னிடம் 79 வாங்கிய அணியின் கணக்குவழக்கைப் பார்க்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது. ஜவோர்ஸ்கியை அந்த மேஜையில் உட்காரவைத்திருந்தால் ஒரே மாதத்தில் மேஜையைக் கவிழ்த்திருப்பார்.

7ஆம் எண்ணை ஹினெப்ரா 2012ல் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வுகொடுத்து உயரே தொங்கவிட்டுவிட்டது. அதனால் அறைக்காரரின் ஜெர்சி பழசாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அடுத்த லீவு நாளில் அவரிடம் மெதுவாக அந்த 1990 வெளிநடப்பைப் பற்றிக் கேளுங்கள், தப்பு யார் மேல் என்று. நடுவர்கள் மேல்தான் என்பார், முப்பத்தைந்து வருடம் ஆகியும் குரல் உயரும். அப்புறம் கைடிக்கின் 79ஐக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.